பெயரின் பின்பாதி

1

இந்தக் கதை ரொட்டி வரிசையில் பிறந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கியூபாவின் மத்தான்சாஸ் ஊரில், எங்கள் தெருமுனைக் கடையில் எனக்கு முன்னால் நின்றிருந்தாள் நெரெய்தா ஒலாசார். கவிதை எழுதுகிறவள், நான் எழுதும் கதைகளை விடாமல் படித்து, விடாமல் திட்டுகிறவள். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"நம்ம கறுப்புப் பொம்பளைங்களப் பத்தி நீ எழுதுறப்பல்லாம் ஏன்டீ யாராவது மேளம் அடிச்சிட்டே இருக்காங்க? ஒரு தடவை மேளம், சுருட்டு, இடுப்பு எதுவும் இல்லாம எழுது. உன்னால முடியுதான்னு பாப்போம்."

முடியும் என்றேன். வரிசையே சிரித்தது. ரோஷத்தோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

வளைகுடாக் காற்றில் அவள் பாவாடை—

(அடித்துவிட்டேன். பாவாடை வந்தால் பின்னாலேயே இடுப்பும் வந்துவிடும்.)

அவளது சுருண்ட முடி, கரும்புத் தோட்டத்து இருட்டைப் போல—

(இதைப் படித்தால் அவள் என் முடியைப் பிடித்து இழுப்பாள்.)

சரி, அலங்காரம் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

2

நெரெய்தாவின் முதல் தொகுப்பு அச்சுக்குப் போக இருந்தது. பல வருடக் காத்திருப்பு. ஹவானாவிலிருந்து வந்த பதிப்பாசிரியர் ஃபெர்மினுக்கு எல்லாக் கவிதைகளும் பிடித்திருந்தன, ஒரே ஒரு வரியைத் தவிர. அது அவளுடைய குடும்பப் பெயரைப் பற்றிய கவிதை:

*மாட்டுக்குச் சூடு வைத்த இரும்பு
அவள் முதுகில் ஆறியது.
அதே கை எழுதியதுதான்
என் பெயரின் பின்பாதி.
அவன் அவளைக் கேட்கவில்லை.*

'அவள்' நெரெய்தாவின் பாட்டிக்கும் பாட்டி. சர்க்கரை ஆலையின் அடிமை. 'அவன்' ஆலை முதலாளி ஒலாசார். கடைசி வரியை 'அவன் அவளை நேசித்தான்' என்று மாற்றச் சொன்னார் ஃபெர்மின். கவிதையில் கசப்பு அதிகமாம். நாம் எல்லாரும் கறுப்பும் வெள்ளையும் கலந்து பிறந்தவர்கள்தானே என்றாராம். (இவரை வில்லனாக்க முதல் பிரதியில் தங்கப்பல் ஒன்று வைத்தேன். பிடுங்கிவிட்டேன். நல்ல மனிதர். அதுதான் சிக்கல்.)

மாற்றாவிட்டால் புத்தகம் இல்லை என்பதையும் மரியாதையாகவே சொன்னார். நெரெய்தா யோசிக்கிறேன் என்றாள். எனக்குத் தெரிந்து அவள் யோசிக்கவே இல்லை. அவளுக்கு இருந்த பயம் ஃபெர்மின் அல்ல, அவள் அம்மா சொய்லா.

3

சொய்லாவுக்கு ஒலாசார் என்ற பெயர் ஒரு பெருமை. சனிக்கிழமைதோறும் மகளை முன்னால் உட்காரவைத்து, அடுப்பில் காய்ச்சிய இரும்புச் சீப்பால் சுருட்டை முடியை நேராக்கியபடி ஒரு காதல் கதை சொல்வாள். முதலாளி கறுப்புப் பெண்ணின் மேல் ஆசைப்பட்டான், ஊரை எதிர்த்தான், பிறந்த குழந்தைக்குத் தன் பெயரையே கொடுத்தான். இந்தக் கதை அந்தக் குடும்பத்தின் சாமிப் படம் மாதிரி. யாரும் அதன்மேல் கை வைத்ததில்லை.

அம்மாவிடம் நெரெய்தா அந்தக் கவிதையைக் காட்டவே இல்லை.

நூலக மண்டபத்தில் மாலை வாசிப்பு. ஃபெர்மின் மேடையில். சொய்லா முதல் வரிசையில், ஊதா உடையில், மகளைப் பார்க்க வந்த பூரிப்போடு. நெரெய்தா அந்தக் கவிதையைத்தான் முதலில் எடுத்தாள். கடைசி வரிக்கு வந்தபோது அம்மாவை நேராகப் பார்த்தாள். குரல் நடுங்கியது, வரி மாறவில்லை.

"அவன் அவளைக் கேட்கவில்லை."

சொய்லா எழுந்து நின்றாள்.

4

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சொய்லா வெளியே நடக்கிறாள். காலி நாற்காலியை மகள் பார்க்கிறாள். (அழகாக இருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டேன்.) இன்னொன்றில் மேடையேறிக் கட்டிக்கொள்கிறாள், மண்டபம் கைதட்டு— (வேண்டாம்.)

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நடந்தது இது.

"'அவ, அவ'ன்னு சொல்லிட்டே இருக்கியே," என்றாள் சொய்லா. "அவளுக்குப் பேர் இருக்கு."

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும். அவன் வச்ச பேர் இல்ல. ஆப்பிரிக்காவுல, கப்பல்ல ஏத்துறதுக்கு முன்னாடி அவளப் பெத்தவ வச்சது."

"அப்போ நீ சொன்ன காதல் கதை?"

சொய்லா மண்டபத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்:

"அப்ப உனக்கு ஏழு வயசுடீ. காய்ச்சின சீப்ப காதோரமா வச்சிக்கிட்டு உன்கிட்ட வேற எந்தக் கதையச் சொல்லச் சொல்ற?"

பெயரைச் சொன்னாள். நெரெய்தா அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கவிதையை ஆரம்பத்திலிருந்து படித்தாள், 'அவள்' வந்த இடமெல்லாம் அந்தப் பெயரை வைத்து. சொய்லா உட்காரவில்லை. அவளைப் பார்த்து நாங்களும் ஒவ்வொருவராக எழுந்தோம்.

வெளியே வந்ததும், இந்த வருடம் புத்தகம் வராது என்றார் ஃபெர்மின், வருத்தத்தோடு.

"அடுத்த வருஷம் வாங்க," என்றாள் நெரெய்தா. "வரி அப்படியேதான் இருக்கும்."

5

புத்தகம் இன்னும் வரவில்லை. கவிதை ஊரெல்லாம் போய்விட்டது. மருத்துவமனை முற்றத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் பெண்கள் கேட்கிறார்கள், அவள் சொல்கிறாள். சில நாள் சொய்லாவும் சேர்ந்து சொல்கிறாள். அம்மா வரிகளை மாற்றிவிடுகிறாள் என்று எனக்குப் புகார் வருகிறது.

அந்தப் பெயரை இங்கே எழுத நெரெய்தாவிடம் அனுமதி கேட்டேன். "அச்சுல முதல்ல என் கவிதையில வரட்டும். உனக்கு என்ன அவசரம்?" என்றாள்.

ஆகவே அதன் இடம்:

(                    )

ஃபெர்மின் திரும்பி வருவாரா, புத்தகம் வெளிவருமா என்பதையெல்லாம் உங்களிடமே விடுகிறேன், பிடித்தபடி முடித்துக்கொள்ளுங்கள். இந்த அடைப்புக்குறியை மட்டும் தொடாதீர்கள். அவளைக் கேட்காமல் அவளுக்குப் பெயர் வைத்தவன் ஒருவன் போதும்.