வெறுங்கூடை

எழுபத்தெட்டாம் வருஷம் தை அறுவடை நெல் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் இருந்த பஞ்சாட்சரத்தின் அரிசி ஆலையில் புகைபோக்கி புகை விடுவதை நிறுத்திவிட்டது. ஆலை நிற்கவில்லை. நெல் எப்போதும்போல் வெந்தது. அதற்கு ஒரு கூடை உமிதான் செலவானது. பொங்கலுக்குப் போட்ட அந்தக் கூடை மாசி முடியும்வரை எரிந்தது.

அந்த ஆலையில் நெல் அவிக்கிறவள் சிட்டம்மாள். ஊறிய நெல்லுக்கு ஆவி போகவேண்டும், ஆவிக்குக் கொப்பரைத் தண்ணீர் கொதிக்கவேண்டும், அதற்கு அடுப்பு வாயில் நாளெல்லாம் உமியைத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். அடுப்போ விரிசல் விட்ட கிழட்டு அடுப்பு. பாதிச் சூடு கொப்பரைக்குப் போனால் பாதி அவள் முகத்துக்கு வந்தது. கண்ணெரிச்சல் தாங்காமல் ஒரு நாள் ஏரிக்கரையிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து, சாணமும் உமியும் சேர்த்து மிதித்து, விரிசலையெல்லாம் அடைத்து, அடுப்பு வாய்க்கு ஒரு தகர மூடியும் வைத்தாள். அவள் செய்தது அவ்வளவுதான். மறுநாள் மூடியைத் திறந்தபோது நேற்றைய தீ அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. அடுப்பின் வெளிச்சுவர் தண்ணீர்ப் பானைபோல் குளிர்ந்து கிடந்ததால் ஆலை நாய் அதில் முதுகை ஒட்டிக்கொண்டு தூங்கியது.

பஞ்சாட்சரம் சந்தோஷப்பட்டிருக்கலாம். அவர் அப்படி வளர்ந்தவர் இல்லை. முன்பெல்லாம் எரிந்துபோகும் உமி இப்போது ஆலைக்குப் பின்னால் குவிந்து கூரையைத் தாண்டியது. உமி குறைந்திருந்தால் திருடிவிட்டாள் என்று சொல்லலாம். குறையாத உமிக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவிக்காமலே ஏமாற்றுகிறாளோ என்று நெல்லைக் கடித்துப் பார்த்தார், வெந்திருந்தது. யார் தோப்பு விறகையோ கொண்டுவந்து எரிக்கிறாளோ என்று அடுப்படியைக் கிளறினார், சாம்பலே இல்லை. கடைசியில் வாசல் காவல்காரன் கன்னியப்பனை அவள்மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார். கன்னியப்பனுக்கு அது புதிதில்லை. வேலை முடிந்து போகும் பெண்களுக்குக் கூலியோடு ஒரு கூடை உமி உண்டு. உமிக்கு அடியில் அரிசி ஒளிந்திருக்கிறதா என்று முழங்கைவரை கையை விட்டுத் துழாவுவதுதான் அவன் வேலை.

"எம்மா நாளா கைய வுட்டுப் பாக்கற, ஒரு குருணையாச்சும் சிக்கிச்சாண்ணே?" என்பாள் சிட்டம்மாள்.

"சிக்காததுதாம்மே எனக்கு டவுட்டா கீது" என்பான் அவன்.

இதற்குள் வண்டிகள் வருவது குறைந்தது. சுற்றுப்பட்டு விவசாயிகள் வயலில் நின்று அந்தப் புகையைப் பார்த்துத்தான் மாடு பூட்டுவார்கள். புகை இல்லையென்றால் ஆலை இல்லை. மாகறல் தாமோதரன் மட்டும் நேரில் வந்து, ஒரு பிடி அரிசியை வாயில் போட்டு மென்றார்.

"இன்னாப்பா பஞ்சாட்சரம், பொகையே காணோம், வெந்துச்சுன்ற?"

"துன்னுக்கினுதான கீற. வேவலையா?"

"நல்லாத்தான் கீது. அதான் பயமா கீது" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

பஞ்சாட்சரம் ஈர வைக்கோலைப் புகைபோக்கிக்கு அடியில் கொளுத்தச் சொன்னார். பழக்கம் விட்டுப்போன புகைபோக்கி அதை வாங்கிக்கொள்ளவில்லை. புகை இறங்கி அவருடைய அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தது. அறுவடை முடிகிறவரை அவர் வெளியே நின்றபடிதான் வியாபாரம் பார்த்தார். அதற்குமேல் பொறுக்கமுடியாமல் சிட்டம்மாளைக் கூப்பிட்டு, பூசிய மண்ணைப் பேர்த்து எடு, இல்லையென்றால் நாளைக்கு வராதே என்றார். சிட்டம்மாளுக்குப் புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். இந்த வேலை போனால் அடுத்த நடவுவரை கஞ்சிக்கு வழியில்லை. கடப்பாரையை எடுத்தாள்.

"சூடு வெளிய வருது மொதலாளி, ஓரமா நில்லுங்க."

மாதக்கணக்கில் அடங்கியிருந்த சூடு வெளியே வந்தது. யாரையும் சுடவில்லை. படுத்திருந்த நாயைச் சுற்றிக்கொண்டு, சோதனைக்கு நிற்பதுபோல் வாசலில் கன்னியப்பன் முன் கொஞ்சம் நின்று, சாலையைக் கடந்து காலனிப்பக்கம் போயிற்று. பஞ்சாட்சரத்துக்கு அப்போதுதான் பெயர் கிடைத்தது. இத்தனை சூட்டை முதலாளிக்குத் தெரியாமல் சேர்த்து வைத்திருந்தது திருட்டு என்று சொல்லி, அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்.

சூடு அவள் குடிசை அடுப்பில் வந்து உட்கார்ந்திருந்தது. அதன்பின் அந்த வீட்டில் சுள்ளி வைக்காமல் சோறு வெந்தது. பொழுதுக்கும் வேலிக்காத்தான் முள் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் இரண்டும் பள்ளிக்கூடம் போயின. காலனியிலும் பேச்சு கிளம்பாமல் இல்லை. பக்கத்துக் குடிசை முனியம்மாள் அடுப்புக்குள் எட்டிப் பார்த்து, "பேய வச்சிக்கினு கீறியாமே?" என்றாள். "பேயின்னா கூலி கேக்காதா?" என்றாள் சிட்டம்மாள். மறுவாரம் முனியம்மாளும் புற்றுமண் கேட்டு வந்தாள்.

ஆலையில் புகை வந்தது, வண்டிகளும் வந்தன. அடுப்பு உமி மலையை ஆடி மாதத்துக்குள் தின்று தீர்த்துவிட்டு விறகு கேட்டது. விறகைக் கொடுக்கக் கொடுக்க இன்னும் கேட்டது. இப்படியே இரண்டு வருஷம் போக, அவித்ததில் கிடைத்ததெல்லாம் அவிப்பதற்கே போயிற்று. ஒரு நாள் காலையில், அதுவரை காலனியில் கால் வைக்காத பஞ்சாட்சரம், சிட்டம்மாளின் குடிசைக்கு வெளியே வந்து நின்றார்.

"நாளைலேருந்து வேலைக்கு வந்துடு சிட்டம்மா."

"மண்ணு பூசுவேன். பொக வராது."

"பொக இல்லன்னா வண்டி வராதே."

"ஒரு செவப்புத் துணிய மேல கட்டி வுடுங்க மொதலாளி, தெரிஞ்சிக்கினு வருவாங்க. ஆனா இன்னொரு தபா மண்ணப் பேத்தெடுக்கச் சொன்னீங்கன்னா, சூடு எந்த ஊருக்குப் போவும்னு எனக்கே தெரியாது."

துணி கட்டிய முதல் வாரம், பஞ்சாட்சரம் கட்சி மாறிவிட்டார் என்று ஊர் சந்தேகப்பட்டது. பிறகு துணியைப் பார்த்து மாடு பூட்டப் பழகிக்கொண்டது. பஞ்சாட்சரம் இன்றைக்கும் ஒவ்வொரு அவியலிலும் ஒரு நெல்லைக் கடித்துப் பார்க்கிறார்.

சிட்டம்மாள் இப்போது கூலி உமி வாங்குவதில்லை. வெறுங்கூடையோடு வருகிறாள், வெறுங்கூடையோடு போகிறாள். கன்னியப்பன் வழக்கப்படி கையை விட்டுப் பார்க்கிறான். கூடைக்குள் வெதுவெதுப்பாக இருக்கும். "ஒண்ணுமில்ல, போ" என்பான். மார்கழியில் மட்டும் அவன் கையை எடுக்கக் கொஞ்சம் நேரமாகும்.