வாரத்துக்கு எட்டு அங்குலம்

நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், மார்ச் மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமையிலிருந்து, வேலையில்லாத இளைஞர்களுக்கு ஆட்டோமேட்டிக் கதவுகள் திறக்கவில்லை. அந்த வாரம் இந்தியன் ஸ்டோரில் முருங்கைக்காய் பவுண்டு மூன்று டாலர் தொண்ணூற்றொன்பது காசுக்கு விற்றது, மழை இல்லை. மருந்துக் கடை, நூலகம், ஜிம் என்று கண்ணாடிக் கதவு தானாக நகரும் எல்லா இடத்திலும் இதே கதைதான். கைப்பிடி வைத்த கதவுகள் வழக்கம்போல் எல்லோருக்கும் திறந்ததால் சர்ச்சுக்கும் கோயிலுக்கும் ஒரு குறையும் வரவில்லை. கதவுக் கம்பெனி ஆட்கள் வேனில் வந்து, சென்சாரைக் கழற்றித் துடைத்து மாட்டி, கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மருந்துக் கடை வாசலில் ஒரு நாய்க்குத் திறந்த கதவு, அதைப் பிடித்து வந்த இருபத்திரண்டு வயதுப் பையனின் மூக்குக்கு நேரே சாத்திக்கொண்டதை நாலு பேர் பார்த்தார்கள். அம்மாக்கள் சிலர் முன்னால் போய்ப் பிள்ளையைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் பார்த்தார்கள். கதவு அம்மாவோடு நிறுத்திக்கொண்டது. பத்து நாளில் ஊருக்குப் பழகிவிட்டது.

தமிழ்க் குடும்பங்கள் மட்டும், இது ஏதோ அடுத்த தெரு விவகாரம் என்பதுபோல் நடந்துகொண்டன. பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துப் போவதை நிறுத்திவிட்டு, கேட்டவர்களிடம் மாஸ்டர்ஸ் பண்றான், ஆன்லைன் கிளாஸ், தலை நிமிர நேரமில்லை என்றார்கள். அந்த வருடம் அந்த ஊரில் அத்தனை பேர் மாஸ்டர்ஸ் படித்தது உண்மையென்றால் நியூ ஜெர்சியில் பல்கலைக்கழகங்களே போதாது.

ஜெயசெல்வியும் அப்படிச் சொன்னவள்தான். அவள் கவுண்டியின், நம்மூர்க் கணக்கில் மாவட்டத்தின், வேலைவாய்ப்பு அலுவலகத்தில், இளைஞர் பிரிவின் மூன்றாவது ஜன்னலில் இருப்பவள். அதற்கு முன் எட்டு வருடம் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்து வேலைவாய்ப்பு மையத்தில் இதே வேலை. கணவர் சுவிசேஷமுத்துவுக்கு இங்கே ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்ததும் கடல் தாண்டி வந்தவர்கள். லெஸ்டரில் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்திருந்தாள். கேள்வியே கேட்காமல் உதவித்தொகை கொடுத்த பிள்ளைகளை எல்லோரும் மறந்துபோனார்கள். மிரட்டப்பட்ட பிள்ளைகள் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். இங்கே கவுண்டியில் விதி இன்னும் மோசம். ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலும் உதவித்தொகை மொத்தமாக நின்றுவிடும். புத்தியுள்ள எந்தப் பிள்ளை அந்த ஒரு மணி நேர வேலைக்குப் போவான்? அவள் இரண்டு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதி மேலே அனுப்பியிருந்தாள். வேலை நேரம் கூடக் கூட உதவித்தொகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையட்டும். பஸ் பாஸ், மருத்துவம், வேலை மூன்றையும் ஒரே ஜன்னலில் ஒரே ஆள் பார்க்கட்டும். பிள்ளையும் வாரம் ஒரு முறை நேரில் வந்து உட்காரட்டும். ஜெயசெல்விக்குத் தன் திட்டத்தின் மேல் சந்தேகமே கிடையாது. மீன் குழம்பில் எப்போது புளி ஊற்ற வேண்டும் என்பதில் இருந்த அதே உறுதி அவளுக்கு இதிலும் இருந்தது.

கவுண்டி போர்டில் ஏழு பேர். மூன்று பேர் இந்தச் செலவே தண்டம் என்றார்கள். மூன்று பேர் கேள்வி கேட்பதே பாவம் என்றார்கள். தலைவி விஷாகா, கணக்கெடுப்புத் தாளைத் தூக்கிக் காட்டினாள். வீடு வீடாக அனுப்பிய படிவத்தின்படி மான்மவுத் ஜங்ஷனில் வேலையில்லாத இளைஞர்கள் மொத்தம் நாலு பேர். நாலு பேருக்கு ஒரு பிரிவு எதற்கு, மே மாதத்தோடு மூடிவிடலாம் என்றாள்.

அந்த எண் எப்படி வந்தது என்று ஜெயசெல்விக்குத் தெரியும். அவள் வீட்டுப் படிவத்தில், மகன் ஆட்ரியனின் பெயருக்கு எதிரே, மேல்படிப்பு என்ற கட்டத்தில் டிக் அடித்தது அவள் பேனாதான். ஆட்ரியன் பயாலஜி முடித்து இரண்டு வருடமாக மாடி அறையில் இருந்தான். முந்நூறு இடத்துக்கு அப்ளை பண்ணி, பிறகு எண்ணுவதையும் விட்டுவிட்டான்.

விஷாகா அப்படிச் சொன்ன வாரத்துச் சனிக்கிழமை, அவனை வற்புறுத்தி இந்தியன் ஸ்டோருக்குக் கூட்டிப் போனாள். கதவு அவளை உள்ளே விட்டு அவனை வெளியே நிறுத்தியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் காலி வண்டியைப் பிடித்தபடி நின்று, கார்ல வெயிட் பண்றேன் என்று சைகை காட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு வலித்தது. தன் பொய்யும் இந்தக் கதவும் சேர்ந்து அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன என்று அப்போதுதான் பார்த்தாள். ஒன்றும் வாங்காமல் திரும்பினாள்.

"நாளைக்கு சர்ச்ல சொல்லிடட்டுமாடா?" என்று காரில் கேட்டாள்.

"சொல்லுங்க மா. டோருக்கு ஆல்ரெடி தெரியும்," என்றான் அவன்.

வீட்டில் சுவிசேஷமுத்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மானம் போயிடும் செல்வி. உன் வேலையும் போயிடும். ஸ்டாஃபா இருந்துக்கிட்டு ஃபார்ம்ல தப்பா எழுதினது நீதான்." அது உண்மைதான். அவள் அலுவலகப் பையைத் திறந்து காலிப் படிவங்களை எண்ணத் தொடங்கினாள்.

தமிழ் ஆராதனையில் ஜெபக்குறிப்பு சொல்லும் நேரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரியத்துக்காக ஜெபியுங்கள் என்பார்கள். எந்தக் காரியம் என்று யாரும் சொல்வதும் இல்லை, கேட்பதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெயசெல்வி எழுந்து மைக்கை வாங்கினாள்.

"என் மகன் ஆட்ரியனுக்கு வேலை இல்ல. ரெண்டு வருஷமா இல்ல. மாஸ்டர்ஸ் பண்றான்னு உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். கவுண்டி ஃபார்ம்லயும் அப்படியே ஃபில் பண்ணேன். அவனுக்காக ஜெபம் பண்ணுங்க. ஜெபம் முடிஞ்சதும் நீங்களும் உங்க ஃபார்மை மாத்திக் குடுங்க. புது ஃபார்ம் நான் கையோட கொண்டு வந்திருக்கேன்."

சுவிசேஷமுத்து எழுந்து மனைவி பக்கத்தில் போய் நின்றார். அடுத்து ஸ்டெஃபி என்ற பெண்ணின் அம்மா எழுந்தாள். ஸ்டெஃபியின் மாஸ்டர்ஸ்கூட மாடி அறையில்தான் நடந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் செய்தி கோயில் வரை போய்விட்டது. புதன்கிழமை, கோயில் கூட்டத்தைச் சேர்ந்த தனபாக்கியம் ஆன்ட்டி, கோயம்புத்தூர், ஈரோட்டுக் குடும்பங்களின் படிவங்களைக் கட்டைப்பையில் போட்டு மூன்றாவது ஜன்னலில் கொண்டுவந்து வைத்தாள். நாலு என்ற எண் நூற்றுப் பதினேழு ஆனது.

போர்டு கூடியது. பணத்தை நிறுத்தச் சொன்னவர்களுக்குப் பணம் தொடர்ந்ததில் வருத்தம். கேள்வி கூடாது என்றவர்களுக்கு வாரச் சந்திப்பில் வருத்தம். இரண்டு பக்கமும் சரிசமமாக முகம் சுளித்தபடியே கை தூக்க, திட்டம் ஐந்துக்கு இரண்டு என்று நிறைவேறியது. தவறான தகவல் கொடுத்த ஊழியர் என்று ஜெயசெல்விக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும், திட்டத்தை நடத்தும் பொறுப்பும் ஒரே கவரில் வந்தன. கடிதத்தை அவள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள்.

ஜூலை முதல் தேதி விதி அமலுக்கு வந்தது. அன்று காலையே கதவுகளும் திருந்தின. வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலையோ அத்தனை அங்குலம் திறந்தன. கதவுக் கம்பெனி மறுபடி வேன் அனுப்பவில்லை. ஆட்ரியனுக்குக் கால்நடை மருத்துவமனை ஒன்றில் எட்டு மணி நேர வேலை கிடைத்தது. முதல் சனிக்கிழமை இந்தியன் ஸ்டோர் கதவு எட்டு அங்குலம் நகர்ந்து நின்றது. அவன் மூச்சை உள்ளிழுத்து, பக்கவாட்டில் திரும்பி, சட்டைப் பொத்தான் கண்ணாடியில் உரச உள்ளே போனான். ஜெயசெல்வி தன் முறைக்காகக் காத்திருக்கவில்லை. தனக்கு முழுதாகத் திறக்கும் என்று தெரிந்தும், அந்த எட்டு அங்குலம் மூடுவதற்குள் உடம்பைத் திருப்பி அவன் பின்னாலேயே நுழைந்தாள். தோளில் சிராய்த்தது. அடுத்தடுத்த வாரங்களில் மற்ற அப்பா அம்மாக்களும் பிள்ளைகளின் பின்னால் அப்படியே நுழைந்தார்கள்.

இப்போது ஆட்ரியனுக்கு முப்பத்தாறு அங்குலம். ஆனாலும் அந்த ஊரில் பெரியவர்கள் பலர் கடைக் கதவில் இன்றும் பக்கவாட்டில்தான் நுழைகிறார்கள். புதிதாகக் குடிவருகிறவர்களும் இரண்டொரு வாரத்தில் அப்படியே திரும்பிக்கொள்கிறார்கள். முருங்கைக்காய் நாலு டாலர் இருபது காசு.