பூர்ணிமா டிரைவிங் ஸ்கூலின் ரேடியேட்டர்

செவ்வாய்க்கிழமை மதியம் ஆம்பூர் சர்வீஸ் ரோட்டில் பூர்ணிமாவின் மாருதி எண்ணூறு ஆவி விட ஆரம்பித்தபோது, ஸ்டியரிங்கில் வஜீதா இருந்தாள். "அக்கா, நான் ஒண்ணும் பண்ணலக்கா!" என்று அலறினாள். அலறிக்கொண்டே இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, ஒழுங்காக ஓரத்தில் நிறுத்தினாள். பூர்ணிமாவுக்கு அந்த நிலையிலும் பெருமையாக இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் கியரைத் தொடவே பயந்த பெண் இவள்.

பூர்ணிமா பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். ஸ்கூல் என்று பெயர்தானே தவிர, அதற்கு இருப்பது ஒரு போர்டு, ஒரு போன், 2003ஆம் வருடத்து இந்தக் கார். பெரும்பாலும் ஷூ கம்பெனிப் பெண்கள்தான் வருவார்கள். வஜீதாவும் அப்படித்தான். கம்பெனியில் அவளுக்கு பேட்டர்ன் வெட்டும் வேலை. டிசைனைப் பார்த்து, தோல் வெட்டுவதற்கான அச்சை அட்டையில் வெட்டிக் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை வாணியம்பாடியில் அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். போன தடவை ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தைச் சாய்த்துவிட்டு அழுதுகொண்டே திரும்பியவள்.

மெக்கானிக் முனிரத்தினம் வந்து பானெட்டைத் தூக்கினார்.

"இன்னாம்மா, டீக்கடை போட்டுட்டீங்களா?" என்றார். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தார். "ரேடியேட்டர் போயிடுச்சு. மேல் டேங்க்ல விரிசல். பேஸ்ட் வெச்சா ரெண்டு நாள் நிக்கும்."

"வெள்ளிக்கிழம வரைக்கும் நிக்குமா?"

"இன்னைக்கு செவ்வாய். நீங்களே எண்ணிக்கோங்க."

அன்று சாயந்திரத்துக்குள் ஊரில் எல்லோரும் ரேடியேட்டர் நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். பூர்ணிமாவின் கணவர் சூரியபிரகாஷ், வண்டியையே தள்ளிவிடச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர், பழைய வண்டி உடைக்கும் இடத்தில் ஒன்று கழற்றி வரலாம் என்றார். போனில் தேடினால் ஒரே மாதிரி ஏழு படங்கள் வந்தன. எதை வாங்கினாலும் திங்கட்கிழமைதான் வந்து சேருமாம். தெரிந்தவர் ஒருவர் டெஸ்டுக்குத் தன் புதுக் காரையே தருவதாகச் சொன்னார். வஜீதா ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்த கிளட்ச் எனக்குத் தெரியாதுக்கா. இது எங்க புடிக்கும்னு என் காலுக்குத் தெரியும்."

மறுநாள் காலை முனிரத்தினம் ரேடியேட்டரைக் கழற்றித் தரையில் வைத்தார். "செம்புல செஞ்சா நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒரு வாரம் ஆவும். பழசு வேணாம், அத இன்னாத்துக்குக் கழட்டுனாங்கன்னு நமக்குத் தெரியாது. வேலூருக்குப் போயி அலுமினியத்துல புதுசு வாங்கிடுங்க. இதையே எடுத்துனு போயி காட்டுங்க."

அரை நாள் லீவு போட்டு வந்திருந்த வஜீதா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரேடியேட்டரை அல்ல, அது இருந்த இடத்தை.

"அண்ணா, இந்த போல்ட்டுல ஏன் நாலு வாஷர்?"

"ஓட்டை சேரல, முன்னாடி யாரோ போட்டுட்டுப் போயிருக்கான்."

"இந்தப் பக்கம் கம்பி கட்டி இருக்கு. ஹோஸ் பைப்பும் முறுக்கினு இருக்கு." அவள் நிமிர்ந்தாள். "அப்போ இது இந்த வண்டியோடதே இல்லக்கா."

முனிரத்தினமும் குனிந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். "கரெக்ட்தான். வண்டிக்கு ஏசி அப்புறம் போட்டிருக்காங்க, அப்பவே ரேடியேட்டர் மாட்டுற சட்டத்தையும் மாத்தியிருக்காங்க. ஆனா ரேடியேட்டர் மட்டும் ஏசி இல்லாத வண்டியோட மெல்லிசு. அதான் வெயில்ல எப்பவும் சூடாயினே இருந்துச்சு."

"அப்போ இதத் தூக்கினு போனா மறுபடியும் தப்பாத்தான் வாங்கினு வருவோம்" என்றாள் வஜீதா. "காலைத்தான் அளக்கணும். பழைய ஷூவ அளக்கக் கூடாது."

பையிலிருந்து அட்டையை எடுத்தாள். தோலில் கோடு போடும் சில்வர் பேனாவால் போல்ட் ஓட்டைகளையும், ஹோஸ் வந்து சேரும் இடங்களையும் குறித்தாள். பின்னால் ஃபேன் வரைக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்து, அந்தக் கனத்துக்கு ஓரங்களை மடித்தாள். இருபது நிமிடத்தில் ரேடியேட்டருக்கு ஓர் அச்சு தயாரானது.

இரண்டு பேரும் பஸ் பிடித்து வேலூர் போனார்கள். கடைக்காரர் ஜியாவுதீன் வருடத்தைக் கேட்டார், உள்ளே போனார், ஒரு பெட்டியோடு வந்தார். வஜீதா அட்டையை அதன்மேல் வைத்தாள். ஓட்டை ஒரு விரல் தள்ளி இருந்தது.

"ரெண்டு வாஷர் போட்டா உக்காந்துடும்மா."

"அப்படி உக்கார வெச்சுத்தான் பாய் இப்போ நடுரோட்டுல நின்னோம்" என்றாள் பூர்ணிமா.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். அட்டைய வெச்சு எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்ல."

ஆனாலும் அட்டையைக் கையில் எடுத்தார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடித்த ஓரத்தை விரலால் தடவினார். "யார் வெட்டுனது?" என்று கேட்டார். வஜீதா சொன்னதும் உருதுவில் எந்தக் கம்பெனி என்று விசாரித்தார். பிறகு கடைப் பையனைக் கூப்பிடாமல் தானே ஏணியில் ஏறி, பரணிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கினார்.

இரண்டிலும் அச்சு கச்சிதமாகப் பொருந்தியது. ஒன்று பளபளவென்று கண்ணைப் பறித்தது, மற்றது மங்கலாக இருந்தது. பூர்ணிமாவின் கை பளபளப்பின் பக்கம்தான் போனது.

"நகத்தால தொட்டுப் பாருங்க" என்றார் ஜியாவுதீன்.

பளபளப்பின் தகடு லேசாகத் தொட்டதற்கே மடங்கியது. மங்கல் அசையவில்லை. பூர்ணிமா மங்கலை எடுத்துக்கொண்டாள்.

"அட்டைய எனக்குக் குடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டார் அவர், கொஞ்சம் கூச்சத்தோடு. "இந்த மாதிரி ஏசி மாத்துன வண்டி ஜாஸ்தி வருது."

வஜீதா அட்டையில் தன் பெயரைச் சில்வர் பேனாவால் எழுதிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை மதியத்துக்குள் முனிரத்தினம் வேலையை முடித்தார். ஒரு வாஷர்கூடத் தேவைப்படவில்லை. சாயந்திரம் ஷிஃப்ட் விடும் நேரமாகப் பார்த்து, வேண்டுமென்றே டவுனுக்குள் வண்டியை ஓட்டச் சொன்னாள் பூர்ணிமா. கம்பெனி பஸ்கள், ஷேர் ஆட்டோக்கள், சைக்கிள்கள் நடுவில் முக்கால் மணி நேரம் ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார்கள். வஜீதா ரோட்டைப் பார்த்தாள், பூர்ணிமா டெம்பரேச்சர் முள்ளையே பார்த்தாள். முள் பாதிக்குக் கீழேயே நின்றது.

வெள்ளிக்கிழமை வஜீதா ரிவர்ஸ் எடுத்தபோது கம்பங்கள் எல்லாம் நின்ற இடத்தில் நின்றன. அதிகாரி பேப்பரில் எதையோ கிறுக்கிவிட்டு, "அடுத்தது யாரு?" என்றார். அவளுக்குப் புரியவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"பாஸ்மா. இறங்குங்க."

திரும்பும்போது வஜீதா தானே ஓட்டினாள். வாணியம்பாடியைத் தாண்டியதும் அம்மாவுக்கு என்ன ஸ்வீட் வாங்கலாம் என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தால், பூர்ணிமா சீட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வஜீதா ஹாரனைத் தொடாமலேயே ஆம்பூர் வரைக்கும் ஓட்டி வந்தாள்.