காலிக் கட்டம்

"லிஸ்ட்ல என் பேர் எப்படி சார் வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே அந்த இறுதியாண்டு மாணவி உள்ளே வந்தபோது, மருத்துவக் கல்லூரித் தேர்வுப் பிரிவின் புள்ளிவிவரக்காரர் சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஜோசியர். பழைய மதிப்பெண்களைக் கணினியில் போட்டு, கடைசித் தேர்வில் யார் எவ்வளவு எடுப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஐம்பதுக்குக் கீழே வந்தவர்கள் பெயர் ஒரு பட்டியலில் ஏறும்; அவர்கள் இந்த முறை எழுத முடியாது, ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். எழுதியவர்கள் விஷயத்தில் அவர் கணக்கு பெரும்பாலும் பிசகியதில்லை. எழுதவிடாமல் நிறுத்தியவர்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஜோசியர் என்ற பெயர் மனிதருக்கு உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

"உனக்கு நாப்பத்தாறு வருதும்மா. நானா போட்டேன்? உன் பழைய மார்க் போட்டுச்சு."

"எந்த மார்க் சார்?"

அவள் வாயை அடைத்துவிடலாம் என்று திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் விரல் வரிசையாக நகர்ந்து முதல் வருட உடற்கூறியலில் நின்றது. பூஜ்யம்.

"அன்னிக்கு நான் எழுதவே இல்ல. அம்மாவுக்கு ஆபரேஷன். அப்புறம் எழுதி அறுபத்தெட்டு எடுத்தேன்."

ஜோசியருக்குச் சுருக்கென்றது. வராதவர்களின் கட்டம் காலியாக இருக்கும். காலிக் கட்டத்தைக் கண்டால் கணினி முரண்டு பிடிக்கும். அதனால், பிறகு எழுதினார்களா என்று பார்க்காமலே காலியை எல்லாம் பூஜ்யமாக்கி வைத்தது சாட்சாத் அவரேதான். பரீட்சைக்கு வராதவளும் ஒன்றும் தெரியாதவளும் அவர் கணக்கில் ஒன்றாகிப் போயிருந்தார்கள். இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டதை நினைக்க வெட்கமாக இருந்தது.

அறுபத்தெட்டைப் போட்டுத் தட்டினார். ஐம்பத்துமூன்று வந்தது. முதல்வர் கையெழுத்திட்ட பட்டியலில் அவள் பெயரை அடித்து, பக்கத்தில் 'என் பிழை' என்று எழுதினார்.

"பிரின்சிபால் ஒத்துக்குவாரா சார்?"

"ஒத்துக்க வைக்கிறேன். திட்டு எனக்கு, பரீட்சை உனக்கு."

அவள் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்பத்துமூணுதானா?"

"கணக்கு அவ்வளவுதாம்மா சொல்லுது."

"நான் எழுபது எடுப்பேன் சார். உங்க கணக்கு தப்பாப் போயிடும், பரவாயில்லையா?"

ஜோசியர் பட்டியலை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைப் பக்கம் நடந்தார். பாதி வழியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவள் இரண்டிரண்டு படியாக இறங்கி நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். தன் கணக்கு ஒன்று தப்பாகப் போக வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசைப்பட்டபடி, அவள் தலை மறையும்வரை அங்கேயே நின்றார்.