முதல் தரம்

மகள் மாரியாயிக்குப் பள்ளியில் முதல் தரம் என்று கேட்டதும் அங்கமுத்து அதைப் பரமத்தி வேலூர் வெற்றிலைச் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டான். கொடிக்காலில் பறித்த இலையைத் தரம் பிரித்து நூறு நூறாகக் கவுளி கட்டுகிறவனுக்கு முதல் தரம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அகலமான, ஓட்டை இல்லாத, ரயிலேறி வெளியூர் போகிற இலை அது. மணியகாரர் மகள் மூன்றாம் தரம் என்று கேட்டபோது அவனுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

அடுத்த சந்தையில் தரகர் பெரியசாமி எல்லார் முன்னாலும் சிரித்தார். "அட அங்கமுத்து! அந்தப் பள்ளிக்கூடத்துல மொதத்தரம்னா ஆனா ஆவன்னாப் புள்ளைகளோட சேர்த்தியப்பா. மூணாந்தரந்தான் ஒசத்தி."

மறுநாள் காலை அங்கமுத்து மனைவி அத்தாயியையும் மகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தான். பெண்ணை நிறுத்திவிடுவது என்று வரும் வழியிலேயே முடிவாகிவிட்டது. கவுளி கட்ட இன்னொரு ஆள் ஆயிற்று.

சேலத்தில் பயிற்சி முடித்துப் புதிதாக வந்து, பிள்ளைகளை வாசிப்பைப் பார்த்து மூன்று தரமாகப் பிரித்திருந்த வாத்தியாரம்மா சாரதாமணி அவர்களை உள்ளே அழைத்தாள். அங்கமுத்து வாசலிலேயே நின்றான்.

"ஏனுங்க வாத்தியாரம்மா, எந்த ஊர்லீங்க மொதத்தரத்தை அடியில வெக்கறாங்க?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "இது இலைத் தரம் இல்லீங்க. ஏணியில மொதப்படி கீழதானுங்களே இருக்கும்?" என்றாள்.

"அப்பப் படின்னு சொல்றது. தரம்னு ஏஞ் சொன்னீங்க?"

பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது.

"மூணாங் கிளாசுப் புள்ளையச் சின்னதுகளோட உக்கார வெச்சா ஊரு சிரிக்காதுங்களா?" என்றாள் அத்தாயி. "மணியகாரர் ஊட்டுல இருந்து உங்களுக்கு வாழைத்தாரு வந்துச்சாமே?"

"வந்துச்சுங்க. திருப்பி அனுப்பிட்டேன்."

"அனுப்புனதை யாரு பாத்தா?"

அங்கமுத்து மகளின் தோளைத் தொட்டான். "எம்புள்ள மூணாம் புஸ்தகத்தைத் தண்ணியாட்டப் படிக்கும். படி அம்மிணி."

மாரியாயி புத்தகத்தை விரித்தாள். கிணற்றில் விழுந்து செத்த கன்றுக்குட்டியின் பாடம். ஒரு தடங்கல் இல்லாமல் குரல் ஓடியது. பாதியில் சாரதாமணி எட்டிப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். குரல் நிற்கவில்லை. கன்று கிணற்றில் விழுந்தது, தாய்ப்பசு கதறியது, பாடம் முடிந்தது. எழுத்துத் தெரியாத அங்கமுத்துவுக்கும் அது தெரிந்தது.

"கேட்டுக் கேட்டு மனப்பாடமுங்க. கெட்டிக்காரி, அதனாலதான் யாரும் கண்டுபிடிக்கல."

"அப்ப இத்தன நாளா இங்க என்னத்தச் சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள் அத்தாயி.

"ஒப்பிச்சாப் போதும்னு மேல ஏத்திட்டாங்க."

"முந்தி இருந்தவங்க மேல பழியப் போடறீங்க," என்றான் அங்கமுத்து. "புஸ்தகம் உங்களுது, கைய வெச்சு மூடுனதும் புள்ள பயந்து ஒப்பிச்சுப்போடுச்சு. நாஞ் சொல்றதைப் பலகையில எழுதுங்க. அம்மிணி, நீ வெளியில போயி நில்லு."

அவள் போனதும் குரலைத் தணித்துச் சொன்னான்: "கொடிக்கால்."

சாரதாமணி கரும்பலகையில் எழுதினாள். மாரியாயி வந்து வெகுநேரம் பார்த்தாள். "காடிக்கால்," என்றாள்.

"எங் கொடிக்காலு காடியாப் போச்சா!" என்று அத்தாயி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

சாரதாமணி சிரிக்கவில்லை. பாடத்தில் இந்த இடம் அவளுக்குப் பிடிக்கும். பலகைக்கு அருகில் போய், முதல் எழுத்தின் மூன்று துண்டுகளையும் விரலால் தனித்தனியாகக் காட்டினாள். "பாருங்க, முன்னால ஒரு கொம்பு, நடுவுல க, பின்னால ஒரு கால். கொம்பைக் கண்ணு மொதல்ல பாக்குது. ஆனா வாயி அதை மொதல்ல சொல்லக் கூடாது, சேத்து வெச்சிருந்து 'கொ'ன்னு சொல்லணும். இவ கொம்பை உட்டுப்போட்டு மிச்சத்தைப் படிக்கறா, 'கா'ன்னு வருது. மொதல்தரப் புஸ்தகத்துல கொம்பே வராது. ரெண்டாவதுல கொம்பு பழகும். மூணாவதுலதான் எல்லாம் கலந்து நீளநீளமா வரும். நடுவுல இருக்கறதைத் தாண்டிட்டா அப்புறம் மனப்பாடந்தானுங்க."

"கஷ்டமான வார்த்தையா எழுதிப்போட்டு..." என்று தொடங்கிய அங்கமுத்து, வார்த்தை தன்னுடையது என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினான். மறுபடி மகளை வெளியே போகச் சொன்னான். இந்த முறை சொல்வதற்கு முன் மனைவியைப் பார்த்தான்.

"மாரியாயி இனிப் பள்ளிக்கூடம் வர மாட்டாள். இதை எழுதுங்க."

சாரதாமணியின் சுண்ணாம்புக்கட்டி சற்று நின்றது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வாக்கியத்தைத்தான் மனதுக்குள் எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். அதில் ஒரு கொம்பும் இல்லை. எழுதிவிட்டு விலகி நின்றாள்.

மாரியாயி வந்தாள். தன் பெயரைப் பார்த்ததும் சிரித்தாள். பிறகு விரலை நீட்டி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "மாரியாயி... இ, னி, இனி... ப், பள், பள்ளிக்... கூடம்... வர... மாட்..." அங்கே நின்றாள். மறுபடி மாட் என்றாள். "டாள்."

விரல் பலகையில் இருக்கும்போதே அவள் முகம் மாறியது.

"நான் ஏனுங்கப்பா வர மாட்டேன்? நான் என்ன பண்ணுனேன்?"

கன்று செத்தபோது மாறாத முகம் அது. அங்கமுத்து வாத்தியாரம்மாவைப் பார்த்தான்.

"நீங்க கண்ணைக் கிண்ணைக் காட்டலையே?"

"நானும் பலகையைத்தானுங்க பாத்துக்கிட்டிருந்தேன்."

"காட்டல," என்றாள் அத்தாயி. "நான் அவங்களையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

மாரியாயி அழத் தொடங்கினாள்.

"அதை அழிச்சுப்போடுங்க," என்றான் அங்கமுத்து. "பொங்கலுக்குள்ள அந்தக் கொம்பு அவளுக்கு வரணும். நானே வந்து வார்த்தை சொல்லுவேன். என்ன வார்த்தைன்னு இப்பச் சொல்ல மாட்டேன்."

"வாங்க."

"மணியகாரர் புள்ளையும் அன்னைக்குப் படிக்கணும். அதே வார்த்தை."

"சரிங்க."

அத்தாயி மகளின் கண்ணைத் துடைத்துச் சின்னப் பிள்ளைகளின் வரிசையில் உட்கார வைத்தாள். அங்கமுத்து உடனே கிளம்பவில்லை. வாத்தியாரம்மா அலமாரியிலிருந்து எந்தப் புத்தகத்தை எடுக்கிறாள், அதை யார் கையில் கொடுக்கிறாள் என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.