திறக்காமல் வைத்த மெயில்

துக்கத்துக்கு நாற்பத்தோரு நாள் என்று வைத்தவர்கள் வேறு, இமெயில் பெட்டிக்கு முப்பது நாள் என்று வைத்தவர்கள் வேறு. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கண்டதில்லை. நடுவில் அகப்பட்டவள் பகவதி.

அது 2001. அவள் புருஷன் கோலப்பன் மஸ்கட்டில் வேலை பார்த்தான். மூன்று வருடமாக லீவுக்கு வரவில்லை, கேட்டால் மழுப்புவான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பழவங்காடி நெட் கஃபேயில் உட்கார்ந்து ஒற்றை வரி அனுப்பினாள்: என்னைப் பிடிக்கவில்லையா?

ஒரு வாரம் கழித்து ஃபோன் வந்தது. "நீ கேட்டதுக்கு மெயிலில பதில் எழுதியிருக்கேன். நீதான் வாசிக்கணும். வேற ஆரும் வாசிக்கப்பிடாது." மறுநாள் மாரடைப்பில் போய்விட்டான்.

நாற்பத்தோரு நாள் அவள் வாசல் தாண்டக்கூடாது என்றார்கள். "நான் போயி பிரிண்ட் எடுத்துட்டு வாறேன் மயினி" என்றான் கொழுந்தன் தாணுலிங்கம். "வேண்டாம். அவிய எனக்குன்னு எழுதினது" என்றுவிட்டாள். இன்னும் ஒரு கடிதம் பாக்கி இருக்கிறது என்ற நினைப்பில்தான் அத்தனை நாளும் அவள் உயிரோடு இருந்தாள்.

நாற்பத்திரண்டாம் நாள் தாணுலிங்கத்தோடு போனாள். அவன் வெளியே நின்றான். கஃபேக்காரி ஷெமி, மலையாளத்துப் பெண், பெட்டியைத் திறந்தாள். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. ஷெமியின் முகம் மாறியது.

"சேச்சி, முப்பது நாள் திறக்கல்லெங்கில் மெயில் கம்பெனிக்காரர் எல்லாம் அழிச்சுக் களயும். ஒண்ணும் இல்ல சேச்சி."

"அதெப்படி இல்லாமப் போகும்? நான் தொடாம பத்திரமால்லா வச்சிருந்தேன்!"

பீரோவில் பூட்டிய பட்டுப்புடவை மாதிரி, தொடாதது அப்படியே இருக்கும் என்று நம்பிவிட்டாள், பாவி.

"சேட்டன்றெ பாஸ்வேர்ட் அறியாமோ? அனுப்பினதிண்டெ காப்பி அதில் காணும்."

தெரியாது. தெரிந்தாலும் என்ன, அவன் பெட்டியையும்தான் நாற்பது நாளாக யாரும் திறக்கவில்லை.

ஷெமி எதையோ அழுத்தினாள். பெட்டி மறுபடி உயிர் பெற்றது. "ஒரு மெயில் உண்டு!" பகவதி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பாழாய்ப்போன மெயில் கம்பெனிதான் எழுதியிருந்தது, உங்களை மீண்டும் வரவேற்கிறோம் என்று. தன்னைப் பிடித்திருந்ததா இல்லையா என்பது இனி இந்த ஜன்மத்தில் தெரியப்போவதில்லை.

வெளியே தாணுலிங்கம் கேட்டான். "அண்ணன் என்ன எழுதியிருந்தான் மயினி?"

"சீக்கிரம் வாறேன்னு எழுதியிருந்தாவ."

அவன் தெருவில் நின்றே அழுதான். வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் சொன்னான், எல்லோரும் நம்பினார்கள். நம்ப முடியாதவள் பகவதி ஒருத்திதான்.