அத்தாவுல்லாவின் இடது தோள்

ஸ்காட்லாந்துக்காரர் எவர் பேசினாலும் அத்தாவுல்லாவின் இடது தோள் அந்த ஊர் மழையில் நனைந்தது. லிவர்பூல்காரர் பேசினால் காலரில் கரி படியும். ஆஸ்திரேலியர் பேசினால் இமையில் செம்மண் தூசி. துறைமுகத்தில் கப்பலின் சரக்கறை விளிம்பில் நின்று, மேலே அதிகாரி கத்துவதைக் கைச்சாடையாக, சரக்கு தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுபவருக்குக் காட்டுவது அவர் வேலை. ஒரே சொல்லை ஒவ்வொரு ஊர்க்காரரும் ஒவ்வொரு விதமாக மென்று துப்புவார்கள். மற்றவர்கள் புரியாமல் விழிக்கும்போது அவர் தோளையோ காலரையோ இமையையோ தொட்டுப் பார்த்து, ஊரைத் தெரிந்துகொண்டு, காதை அதற்கேற்பத் திருப்பிக்கொள்வார். 1938 முதல் பதின்மூன்று வருஷம் அவர் கை ஒருமுறைகூடத் தப்பாகக் காட்டியதில்லை, இருந்தும் தினக்கூலிதான். வீட்டில் மனைவி சாபிரா சட்டையைத் துவைக்கும்போதே எந்த ஊர்க் கப்பல் வந்தது என்று சொல்லிவிடுவாள்.

1951இல் ஒரு கப்பல் ஏஜென்சிக்கு, அங்கிருந்த உதவி மேலாளர் லியோனார்டைப் பற்றி மொட்டைக் கடிதம் வந்தது. கிளாஸ்கோவில் பிறந்ததாகப் பொய் சொல்லி, சீமைக்காரருக்கான பதவியிலும் பங்களாவிலும் இருக்கிறாராம். அவர் பேச்சில் குமாஸ்தாக்களுக்குக் கிளாஸ்கோதான் கேட்டது. லண்டன்காரரான மேலாளருக்கும் அப்படியே கேட்டது. ஆனால் தன் காதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அத்தாவுல்லாவின் தோளைப் பற்றிக் கேள்விப்பட்டு, நிரந்தர வேலை தருவதாகச் சொல்லி அவரை வரவழைத்து மேசையருகே நிறுத்தினார். லியோனார்ட் செய்தித்தாளை வாசித்தார். தோள் நனையவில்லை. மீன் செதில்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டின, துறைமுகத்தை ஒட்டிய காசிமேட்டுச் சங்கரா மீனின் செதில்கள். லியோனார்ட் வாசிப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தார். மேசைமேல் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. அதைத் தோளில் தெளித்துக்கொண்டு ஈரத்தைக் காட்டியிருந்தால் லியோனார்ட் தப்பியிருப்பார். தப்பாகக் காட்டிப் பழகாத கை, ஒரு செதிலை எடுத்து மேலாளர் முன் வைத்தது. மாலைக்குள் லியோனார்டை வெளியேற்றிப் பங்களாவைப் பூட்டினார்கள்.

மறுவாரம் லியோனார்டின் அம்மா வியாகுலம்மாள் மீன்கூடையோடு அத்தாவுல்லாவின் முன் வந்து நின்றாள். மகனுக்கு வெள்ளை நிறத்தைக் கப்பல்கார அப்பன் கொடுத்திருந்தான். பேச்சைப் பத்து வருஷம் ஸ்காட்லாந்துக் கப்பலில் அடுப்புக்குக் கரி தள்ளி மகனே சம்பாதித்திருந்தான்.

"இன்னா பாய், என் பேச்சு அவனுக்கு ஒட்டிக்கினு பூடும்னு எட்டு வருசமா எம்புள்ளகிட்ட ஒரு வார்த்த பேசாம கீறேன். நீ ஒரு நிமிசத்துல எடுத்து வச்சிட்டியே!"

"தப்பா கை காட்டி எனுக்குப் பழக்கமில்லம்மா."

"அங்க இன்னா மூட்டையா தொங்கிக்கினு இருந்துச்சு? எம்புள்ளய்யா!"

நிரந்தர வேலை வந்தது. அன்றுமுதல் எந்த ஊர்க்காரர் வாயைத் திறந்தாலும் அத்தாவுல்லாவின் தோளில் செதில்தான் விழுந்தது. ஊர் தெரியாததால் சொல்லும் பிடிபடவில்லை. இரண்டாம் மாதம் அவர் கை தப்பாகக் காட்ட, ஒரு பெட்டி தவறி இறங்கி, கீழே நின்றவரின் இரண்டு விரல்கள் போயின. நிரந்தர ஆள் என்பதால் அவரை நீக்காமல் கிடங்கு வாசலில் உட்காரவைத்தார்கள். சாபிரா இப்போது கப்பலின் ஊரைச் சொல்வதில்லை. கத்தியின் முதுகால் செதிலைச் சுரண்டிவிட்டு, சட்டையை ஊறவைக்கிறாள்.